சாணைக்கல்லும் மாணிக்கமும்



கனிமவியல் நூல்களில் உலகெங்கும் வழங்கும் சொற்களுள் ஒன்று நம்முடையது. ஆங்கிலத்தில் அதனைக் கொரண்டம் என்பர். பிரெஞ்சு மொழியில் கொரிந்தோன். ஜெர்மானியர் கொருண்ட் என்பர். மூன்றுக்கும் மூலம் குருந்தம் என்னும் தமிழ்ச் சொல். கத்திக்கும் அரிவாளுக்கும் சாணை பிடிப்பவன் தன் சக்கரத்தில் அரக்கோடு குழைத்துப் பூசிய கல்தூள் எதுவோ, அதுவே குருந்தம். வடமொழியில் இதனைக் குருவிந்தம் என்றனர். அச்சொல் மாணிக்கத்தின் ஒரு வகையையும் குறித்தது.

இன்று எந்நாட்டு அருங்காட்சிசாலையிலும் கனிமங்களை வகைப்படுத்தி வைத்திருக்கும் கண்ணாடிப் பேழையைப் பார்த்தால், செக்கச் சிவந்த மாணிக்கமும் கருநீல இந்திரநீலமும் குருந்தம் என்னும் இந்த ஒரே பெயரின் கீழ்தான் வைக்கப்பட்டிருக்கும். முடியில் பதித்த மணிக்குக் குடும்பப் பெயராக அமைந்தது, வயலில் பொறுக்கிய சாணைக்கல்லின் பெயர். இது எப்படி நேர்ந்தது? கற்களை மனிதன் எதைக்கொண்டு இனம் பிரித்தான், எதை நம்பி ஏமாந்தான், கடைசியில் எதைக் கண்டு தெளிந்தான் என்னும் வரலாறு முழுவதும் இந்த ஒரு கல்லின் கதைக்குள் அடங்கிக் கிடக்கிறது. ஆகையால் பல கனிமங்களைத் தொட்டுத் தொட்டுச் செல்லாமல், இந்த ஒன்றையே பின்தொடர்வோம்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ள வேண்டும். பாறை வேறு, கனிமம் வேறு. கொல்கத்தாவில் வாழும் நம்மவர்கள் புனித ஜான் தேவாலயத்து வளாகத்தில் ஜாப் சார்னாக்கின் கல்லறையைப் பார்த்திருக்கலாம். அங்கே பதித்திருக்கும் கருங்கல் சென்னைக்கு அருகேயுள்ள பல்லாவரத்திலிருந்து சென்றது. நிலவியல் அறிஞர் தாமஸ் ஹாலந்து 1893-ஆம் ஆண்டில் அக்கல்லறையை நினைத்தே அந்தப் பாறை வகைக்குச் சார்னகைட் என்று பெயர் சூட்டினார். அது பாறை, அதாவது பல பொருள்களின் கூட்டு. உடைத்துப் பார்த்தால் படிகக்கல் எனப்படும் குவார்ட்ஸ் ஒரு பக்கம், பெல்ஸ்பார் ஒரு பக்கம், கருமையான ஹைப்பர்ஸ்தீன் ஒரு பக்கம் எனத் தனித்தனித் துகள்கள் தெரியும். அத்துகள் ஒவ்வொன்றும் ஒரு கனிமம். கனிமத்தை எத்தனை முறை உடைத்தாலும் உள்ளே அது அதுவாகவே இருக்கும். அதற்கென்று ஓர் இரசாயன அமைப்பு உண்டு. அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் ஓர் ஒழுங்கும் உண்டு. இவ்விரண்டையும் சேர்த்துத்தான் இன்று கனிமத்தின் இனத்தைத் தீர்மானிக்கிறார்கள். ஆனால் அணுவைப் பற்றி அறியாத காலத்தில் கண்ணுக்குத் தெரிந்தது நிறம் ஒன்றே.

நம் நவரத்தினங்களை எண்ணிப் பாருங்கள். வைரம், மாணிக்கம், நீலம், புஷ்பராகம், மரகதம், கோமேதகம், வைடூரியம், முத்து, பவளம் என ஒன்பது. இவற்றுள் முத்தும் பவளமும் கடலில் வாழும் உயிர்கள் ஆக்குபவை. மண்ணுக்குள் விளைந்த கனிமங்கள் அல்ல. எஞ்சிய ஏழில் மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமம். மஞ்சள் புஷ்பராகம் என்று நம் நாட்டுக் கடைகளில் பெரும்பாலும் விற்பதும் அதே குருந்தத்தின் மஞ்சள் வகையே. சிலர் டோப்பாஸ் என்னும் வேறு கல்லையும் அப்பெயரால் விற்பதுண்டு. ஆகவே மூன்று கிரகங்களுக்கு உரியனவாக மூன்று மோதிரங்களில் பதித்து அணியும் மூன்று மணிகளும் உள்ளே ஒன்றாக இருக்கக்கூடும்! இதனால் பழைய இரத்தினப் பரீட்சை நூல்களை எள்ளிவிடலாகாது. விலை சொல்லும் வணிகனுக்கு நிறமும் ஒளியும் குற்றமின்மையுமே வேண்டியவை. அவற்றை அந்நூலார் மிக நுட்பமாகப் பிரித்தார்கள். அவர்கள் கேட்ட கேள்வி வேறு. கனிமவியலார் கேட்ட கேள்வி வேறு.

நிறத்தை நம்பியதால் விளைந்த மயக்கத்துக்கு மிகப் பெரிய சான்று தைமூர் மாணிக்கம் எனப்படும் கல். 350 காரட்டுக்கு மேற்பட்ட எடையுள்ளது. முகலாய மன்னர் பலரும், பின்னர் நாதிர் ஷாவும், ஆமத் ஷா துர்ரானியும் அதன்மீது தம் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். லாகூர்க் கருவூலத்திலிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்து, 1851-ஆம் ஆண்டில் விக்டோரியா அரசியிடம் சேர்ந்தது. பெயரில் மாணிக்கம் என்றிருந்தாலும் அது மாணிக்கம் அன்று. ஸ்பைனல் என்னும் வேறு கனிமம். இங்கிலாந்தின் மணிமுடியில் முன்னால் பதித்திருக்கும் கருப்பு இளவரசரின் மாணிக்கமும் அப்படியே.

எனினும் கீழ்நாட்டு இரத்தினக்காரர்கள் இவ்வகையில் ஏமாறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. பாரசீக மொழியும் அரபு மொழியும் வழங்கிய நாடுகளில் மெய்யான மாணிக்கத்தை யாகூத் என்றும், ஸ்பைனலை லால் என்றும் வேறு பிரித்தே சொன்னார்கள். 11-ஆம் நூற்றாண்டில் அல் பிரூனி, ஒரே பருமனுள்ள கற்களின் எடையை ஒப்பிட்டு, லால் யாகூதைவிட இலேசானது என்று அளந்தே காட்டினார். இன்றைய கணக்கில் குருந்தம் தன் பருமனுள்ள நீரைப்போல ஏறத்தாழ 4 மடங்கு கனம், ஸ்பைனல் 3.6 மடங்கு. கண் காணாத வேற்றுமையைத் தராசு கண்டது. நிறத்தை விடுத்து அளவை நாடிய முயற்சிகளுள் இது மிகப் பழையது என்று நான் கருதுகிறேன்.

ஐரோப்பாவில் அளவின் வழி கோணத்தின் மூலமாக வந்தது. படிகம் சிறிதாயினும் பெரிதாயினும், வளைந்து நெளிந்து வளர்ந்ததாயினும், அதன் ஒத்த முகங்களுக்கு இடையேயுள்ள கோணம் மாறுவதில்லை என்பதை 1669-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டவரான ஸ்டெனோ குவார்ட்ஸ் படிகங்களில் கண்டார். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அது ஒரு தனிச் செய்தியாகவே கிடந்தது. அதனை எல்லாப் படிகங்களுக்கும் உரிய விதியாக நிலைநாட்டியவர் ரோமே த லீல் என்னும் பிரெஞ்சுக்காரர். இவர் வாழ்க்கையில் நம் கரைக்கும் ஓர் இடம் உண்டு. பிரெஞ்சுப் பீரங்கிப் படையினரோடு எழுத்தராக இந்தியாவுக்கு வந்த அவர், 1761-இல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபோது சிறைப்பட்டார். 1764-இல்தான் தாய்நாடு திரும்ப முடிந்தது. அதன் பிறகே கனிமங்களில் அவர் மனம் ஊன்றியது.

1780-ஐ ஒட்டி, அவருக்கு உதவியாக இருந்த கராஞ்ஜோ என்பவர் படிகக் கோணத்தை அளக்கும் எளிய கருவி ஒன்றைச் செய்தார். பள்ளிக் கணிதப் பெட்டியில் உள்ள கோணமானியில் இரண்டு கரங்களைப் பொருத்தினால் எப்படியிருக்கும், அவ்வளவுதான். அதைக்கொண்டு ரோமே த லீல் நூற்றுக்கணக்கான படிகங்களை அளந்து 1783-ஆம் ஆண்டில் நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். ஸ்பைனல் எண்முகப் படிகமாக விளைகிறது. அதன் அடுத்தடுத்த முகங்கள் ஏறத்தாழ 109½ பாகையில் கூடுகின்றன. மாணிக்கமோ ஆறு பக்கப் பட்டகமாகவும் இருபுறமும் கூம்பிய வடிவிலும் விளைகிறது. இரண்டும் ஒரே சிவப்பாயினும் ஒரே இனம் ஆகமாட்டா என்று அவர் தீர்த்துச் சொன்னார். அரசர் பெயர் பொறித்த கல்லின் குலத்தைப் பித்தளைக் கோணமானி ஒன்று வெளிப்படுத்தியது.

அவருக்குப் பின் வந்த ஹாயூயி என்னும் பாதிரியார், கோணம் ஏன் மாறுவதில்லை என்று கேட்டார். கால்சைட் படிகம் ஒன்று கை தவறி விழுந்து உடைய, உடைந்த துண்டுகள் யாவும் ஒரே சாய்சதுர வடிவில் இருக்கக் கண்டு அவருக்கு எண்ணம் பிறந்ததாகச் சொல்வார்கள். அது எப்படியாயினும், படிகம் என்பது கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு செங்கற்களை ஒழுங்காக அடுக்கிக் கட்டிய கட்டடம் என்னும் கருத்தை 1784-இல் அவர் வெளியிட்டார். பிரெஞ்சுப் புரட்சியில் அவரும் சிறை கண்டார். செங்கல்லை யாரும் காணவில்லை. ஆனால் அதன் வடிவைக் கணக்கிட முடிந்தது. இக்கருத்து மெய்யா என்பது தெரிய நூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி நம் சாணைக்கல் கடல் கடந்த கதைக்கு வருவோம். 1728-இல் மறைந்த ஜான் உட்வர்ட் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கற்களின் பட்டியலில், இந்தியாவிலிருந்து சென்ற குருவிந்தம் இரண்டு வகையாக இடம் பெறுகிறது. நெல்வயல்களில் கிடைப்பது என்றும், வயல் எலிகள் வளை தோண்டும்போது வெளியே தள்ளுவது என்றும், இரும்பை மெருகிட உதவுவது என்றும் அதில் குறிப்பு இருக்கிறது. வகைகளுக்குக் கொடுத்திருக்கும் அடைமொழிகளை நோக்கினால், கறுப்பு, வெள்ளை என்னும் பொருளுடைய தெலுங்குச் சொற்களாகவே தோன்றுகின்றன. எலி தோண்டிய கல் இலண்டனில் பட்டியலேறிவிட்டது. ஆயினும் அதன் குலம் யாது என்று யாரும் அப்போது கேட்கவில்லை.

பிறகு, 1760-களின் பிற்பகுதியில், சென்னையிலிருந்து டாக்டர் ஆண்டர்சன் என்பவர் எடின்பரோவில் மணிகளில் உருவம் செதுக்கும் வில்லியம் பெர்ரிக்கு ஒரு பெட்டி நிறையக் கற்களை அனுப்பினார். வைரம் ஒன்று நீங்கலாக மற்ற எல்லா மணிகளையும் இந்நாட்டார் இதைக்கொண்டே தேய்க்கிறார்கள் என்ற செய்தியும் உடன் சென்றது. அதன் கடுமையைக் கண்டு வியந்த ஐரோப்பியர் அதற்கு வச்சிரம் போன்ற கல் என்று பொருள்படும் ஒரு பெயரை இட்டு வழங்கினர். சீனத்திலிருந்தும் அதே போன்ற கல் வந்தது.

இந்தச் செய்திகளையெல்லாம் திரட்டி எழுதியவர் சார்லஸ் கிரெவில். இவர் பெரிய கனிமத் தொகுப்பாளர். இந்தியாவிலிருந்த நண்பர்களுக்கு எழுதி, குருந்தத்தை அது விளைந்த தாய்ப்பாறையோடு வரவழைத்தார். ஆசியாவின் குருந்தக்கல்லைப் பற்றி 1798-ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் கழகத்தில் அவர் கட்டுரை படித்தார். ஐரோப்பியர் இட்ட பெயரைத் தள்ளி, அதை எடுக்கும் ஊரார் சொல்லும் பெயரையே அவர் கைக்கொண்டார். உலகம் அதனையே ஏற்றது. அக்கல்லைத் தோண்டியவர்கள், சுமந்தவர்கள் ஒருவர் பெயரும் நூல்களில் நிலைக்கவில்லை. அவர்கள் வாயிலிருந்த சொல் நிலைத்தது.

கிரெவிலின் கற்களை அளக்கும் பணி பூர்னோன் பிரபுவைச் சேர்ந்தது. இவர் புரட்சிக்கு அஞ்சிப் பிரான்சை விட்டு இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தவர், சொத்தை இழந்தவர், பிறருடைய தொகுப்புகளை ஒழுங்குபடுத்திக் காலம் கழித்தவர். அயலூரில் பிழைக்க வந்தவர் கையில்தான் இந்த ஆராய்ச்சி கனிந்தது. மங்கலான சாணைக்கல் படிகத்தைப் பிளந்தால் 86 பாகையை ஒட்டிய கோணம் கிடைத்தது. நீலக்கல்லிலும் அதே கோணம். மாணிக்கத்திலும் அதே கோணம். கடுமையும் ஒன்று, கனமும் ஒன்று. ஒளி புகுவதும் புகாததும், சிவப்பும் நீலமும் சாம்பலும் வெறும் வகைகளே. கல் ஒன்றே என்று 1802-ஆம் ஆண்டில் அவர் விரிவாக எழுதினார்.

அவருடைய சொல்லுக்கு இரசாயனம் சான்று கூற வேண்டும் அல்லவா? பெர்லினில் கிளாப்ரோத் இக்கல்லை முதலில் சோதித்தபோது இதில் இதுவரை அறியப்படாத ஒரு புதிய மண்பொருள் இருப்பதாக எண்ணினார். மறுபடி ஆராய்ந்தபோது அது புதிதன்று, களிமண்ணில் உள்ள அலுமினாவே என்று தெளிந்தார். சோதனையில் ஒரு வேடிக்கையான இடையூறும் உண்டு. கரைப்பதற்கு முன் கல்லை நுண்ணிதாக அரைக்க வேண்டும். இது அரைபடும் கல் அன்று, அரைக்கிற கல். உரலையே தேய்த்து, உரலின் துகளையும் தன்னோடு கலந்துகொண்டு, கணக்கைக் கெடுத்துவிடும். அவ்வளவு தொல்லைக்கும் பின், பூர்னோன் எழுதிய அதே 1802-இல், ஷெனவிக்ஸ் என்பவர் மாணிக்கம், நீலம், கர்நாடகத்துச் சாணைக்கல் மூன்றையும் தனித்தனியே பகுத்து, மூன்றிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை ஒட்டி அலுமினாவே இருப்பதைக் காட்டினார். கர்நாடகம் என்று ஐரோப்பியர் அந்நாளில் சொன்னது ஆர்க்காட்டு நவாபின் நாட்டை. பெரிதும் தமிழ் வழங்கிய நிலம் அது. கிரேக்கத் தீவான நாக்ஸோஸிலிருந்து வரும் எமரி என்னும் கருநிறச் சாணைப்பொருளும் இரும்புச் சத்துக் கலந்த குருந்தமே என்று ஸ்மித்ஸன் டெனன்ட் அதே ஆண்டில் நிறுவினார். 1801-இல் வெளியிட்ட தம் பெருநூலில் இரத்தினங்களை ஓர் இனமாகவும் குருந்தத்தை வேறோர் இனமாகவும் வைத்திருந்த ஹாயூயி, 1809-இல் இரண்டையும் ஒன்றாக்கினார். ஒன்றாக்கியபோது எந்தப் பெயரை வைப்பது? மாணிக்கம் என்றால் நீலம் அடங்காது; நீலம் என்றால் மாணிக்கம் அடங்காது. சாணைக்கல்லின் பெயர்தான் எல்லாருக்கும் பொதுவாக நின்றது.

இனி, கனிமத்தின் குலம் அறிய அதன் இரசாயனக் கூறுகளை அறிந்தால் போதும் என்று தோன்றும். போதாது. அதற்கும் சான்று அதே பெட்டியில் இருந்தது. குருந்தத்தோடு வந்த தாய்ப்பாறையில் நார் நாராக இருந்த ஒரு கனிமத்துக்குப் பூர்னோன் பைப்ரோலைட் என்று பெயரிட்டார். இன்று அது சில்லிமனைட் எனப்படுகிறது. அலுமினாவும் சிலிகாவும் சேர்ந்தது அது. அதே அளவில் அதே பொருள்கள் சேர்ந்து கயனைட் என்றும் ஆண்டலூசைட் என்றும் வேறு இரண்டு கனிமங்களும் உண்டு. கூறுகள் ஒன்று, படிகம் மூன்று, குணம் மூன்று. வைரமும் பென்சிலில் உள்ள கிராபைட்டும் கரியே அல்லவா? அரிசியும் உளுந்தும் ஒன்றாயிருந்தும் தோசை வேறு இட்டலி வேறு என்று சொன்னால் வீட்டாருக்கு விளங்கிவிடும். ஆனால் இங்கே வேறுபடுவது வெந்த முறை அன்று, அணுக்கள் அமர்ந்த வரிசை.

மற்றொரு புறம், கூறுகள் சிறிது மாறியும் படிகம் மாறாதிருப்பதும் உண்டு. ஏறத்தாழ ஒரே அளவும் ஒத்த இயல்பும் உள்ள அணுக்கள் ஒன்றன் இடத்தில் மற்றொன்று அமர்ந்துகொள்ளலாம் என்பதற்கு அடிகோலிய கண்டுபிடிப்பை ஜெர்மானியரான மிட்ஷர்லிஹ் 1819-இல் வெளியிட்டார். நிறத்தின் மர்மம் இங்கேதான் அவிழ்கிறது. குருந்தத்தில் அலுமினியத்தின் இடத்தில் நூற்றில் ஒரு பங்கோ அதனினும் குறைவோ குரோமியம் புகுந்தால் அது மாணிக்கம். சிறிது இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்து புகுந்தால் அது நீலம். ஒன்றும் புகாவிடில் நிறமற்ற கல். இதே குரோமியம் பெரில் என்னும் வேறொரு கனிமத்துக்குள் புகுந்தால் பசிய மரகதமாகிறது. நிறம், வீட்டுக்கு வந்த விருந்தாளி, வீடு அன்று.

வகைப்படுத்தும் முறையும் இதனோடு மாறிற்று. ஜெர்மனியில் வெர்னர் நிறம், பளபளப்பு, தொட்டால் தோன்றும் உணர்ச்சி ஆகிய புறக்குணங்களால் பிரித்தார். அவர் மாணவரான மோஸ், ஒன்றையொன்று கீறும் வலிமையை வைத்துப் பத்துப் படிகள் வகுத்தார். குருந்தம் ஒன்பதாம் படி, வைரம் பத்தாம் படி. இந்த எண்கள் வரிசையைச் சொல்லுமேயன்றி அளவைச் சொல்லா. ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையே உள்ள பள்ளம் பல மடங்கு ஆழம். அமெரிக்கரான ஜேம்ஸ் டேனா 1837-இல் எழுதிய நூலில், செடிகொடிகளுக்கு வைப்பதுபோலக் கனிமங்களுக்கும் இலத்தீனில் இரட்டைப் பெயர் சூட்டினார். பின்னர் அம்முறையைத் தாமே கைவிட்டு, 1854-ஆம் ஆண்டுப் பதிப்பில் இரசாயனக் கூறுகளை அடிப்படையாகக் கொண்டார். சல்பைடுகள், ஆக்ஸைடுகள், கார்பனேட்டுகள், சிலிகேட்டுகள் என்று நாம் இன்று படிக்கும் பிரிவுகள் அந்த வழியில் வந்தவை. குருந்தம் ஆக்ஸைடுகளில் இடம் பெற்றது.

அணுக்களின் வரிசையைக் கண்ணால் கண்டது போன்ற செய்தி 1912-இல் வந்தது. மியூனிக் நகரில் லௌவேயும் அவர் துணைவர்களும் எக்ஸ் கதிரைப் படிகத்தின் ஊடே செலுத்தினர்; பின்னால் வைத்த புகைப்படத் தகட்டில் புள்ளிகள் ஒழுங்காக விழுந்தன. ஹாயூயி கணக்கில் கண்ட அடுக்கு மெய்தான்! ஆனால் அடுக்கப்பட்டவை செங்கற்கள் அல்ல, அணுக்கள். அடுத்த ஆண்டிலேயே பிராக் என்னும் தந்தையும் மகனும் உப்பு, வைரம் முதலியவற்றின் உள்ளமைப்பைப் படித்துக் காட்டினர். குருந்தத்தின் அமைப்பைத் துல்லியமாக அறிந்து 1925-இல் எழுதியவர்கள் பாலிங்கும் ஹெண்ட்ரிக்ஸும்.

அவர்கள் கண்டதை இப்படிக் கற்பனை செய்து பாருங்கள். பழக்கடைக்காரன் ஆரஞ்சுகளைப் பரப்பி, அவற்றின் குழிகளில் அடுத்த வரிசையை அடுக்குகிறான். ஆரஞ்சுகள் பிராணவாயு அணுக்கள். இரண்டு வரிசைகளுக்கு நடுவே எஞ்சும் சந்துகளில் ஒவ்வொரு மூன்றிலும் இரண்டில் ஓர் அலுமினிய அணு இருக்கிறது. மூன்றாவது சந்து காலி. ஒவ்வோர் அலுமினியத்தையும் ஆறு பிராணவாயு அணுக்கள் சூழ்ந்து பிடித்திருக்கின்றன. இவ்வளவு நெருக்கமும் பிடிப்பும் இருப்பதால்தான் அக்கல் எஃகைக் கீறுகிறது; இரும்பு உருகும் சூட்டிலும் உருகாமல் 2000 பாகைக்கு மேலும் தாங்குகிறது. எடையில் பாதிக்கு மேல் அலுமினியம். சமையற்கட்டில் நசுங்கும் பாத்திரத்தின் உலோகமும், மூச்சுக்காற்றில் உள்ள வாயுவும் சேர்ந்து இவ்வளவு கடுமை பெற்றன.

இதிலிருந்து உறவுமுறை ஒன்றும் வெளிப்பட்டது. அலுமினியத்தின் இடத்தில் முழுவதும் இரும்பை வைத்தால் அதே அமைப்பில் கிடைப்பது ஹேமடைட் என்னும் செந்நிற இரும்புக் கனிமம். ஜாம்ஷெட்பூரிலும் பிலாயிலும் உலைகளில் பணி செய்த தமிழர் பலர். பிலாய்க்குத் தல்லி ராஜ்ஹாரா சுரங்கங்களிலிருந்து வண்டி வண்டியாக வருவது இதுவே. ஆக, உலையிலிடும் செங்கல் மாணிக்கத்துக்கு உடன்பிறப்பு. மாணிக்கம் என்று ஏமாற்றிய ஸ்பைனலுக்கும் இப்படி ஒரு சுற்றம் உண்டு. 1915-இல் தந்தை பிராக்கும் ஜப்பானியரான நிஷிகாவாவும் அதன் அமைப்பை அறிந்தபோது, காந்தக்கல்லாகிய மேக்னடைட்டின் அமைப்பும் அதுவே என்று தெரிந்தது. சேலத்துக் கஞ்சமலையில் இருக்கும் இரும்புக் கனிமம் இந்த மேக்னடைட்தான். தைமூர் மாணிக்கத்தின் பங்காளியைத் தேடி லாகூருக்கும் இலண்டனுக்கும் போக வேண்டியதில்லை.

அமைப்பை அறிந்தபின் ஆக்குவது எளிதாயிற்று என்று எண்ண வேண்டா. ஆக்கியது முன்னரே நிகழ்ந்தது. பாரிசில் வெர்னோய் என்பவர் 1902-இல் தம் முறையை அறிவித்தார். அலுமினாத் தூளில் சிறிது குரோமியம் கலந்து, ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் எரியும் சுடர் வழியே தூவினார். உருகிய துளிகள் கீழே படிகமாக வளர்ந்தன. கைக்கடிகாரத்தில் பதினேழு கல் என்று போட்டிருப்பது இவ்வாறு செய்த மாணிக்கங்களையே. அமைப்பிலும் கூறிலும் இது பொய்க்கல் அன்று. மண்ணில் விளையாதது என்ற ஒரே காரணத்தால் கனிமம் என்னும் பெயர் இதற்கு இல்லை. உருப்பெருக்கியில் பார்த்தால் உள்ளே வளைந்த கோடுகளும் நுண்ணிய வாயுக் குமிழிகளும் தெரியலாம். இயற்கை மணியில் வளர்ச்சிக் கோடுகள் நேராக இருக்கும். மணி வாங்குவோர் நிறத்தைப் பார்த்து மகிழ்வதோடு நில்லாமல், சோதனைச் சாலையின் சான்றையும் கேட்பது நல்லது.

சாணைக்கல்லின் வாணிபம் பின்னர் என்னவாயிற்று? 1898-இல் கல்கத்தாவிலிருந்து இந்திய நிலவியல் ஆய்வுத்துறை வெளியிட்ட பொருளாதார நிலவியல் தொகுப்பின் முதற்பகுதி முழுவதும் குருந்தத்தைப் பற்றியதே; எழுதியவர், முன்னே நாம் கண்ட ஹாலந்து. ஆனால் அதற்குள் போட்டி பிறந்துவிட்டது. 1891-இல் அமெரிக்காவில் அச்சிசன் மின்னுலையில் ஒரு கடும்பொருளை ஆக்கினார். கரியும் குருந்தமும் சேர்ந்தது அது என்று கருதி, கார்பன் என்பதன் தலையையும் கொரண்டம் என்பதன் உடலையும் ஒட்டிக் கார்போரண்டம் என்று பெயரிட்டார். ஆராய்ந்தால் அதில் குருந்தமே இல்லை; சிலிக்கானும் கரியும்தான். பெயர் மட்டும் நின்றுவிட்டது. 1954-இல் சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் என்னும் தொழிற்சாலை நிறுவனம் தோன்றியபோது, கடல் கடந்து சென்ற குருந்தம் என்னும் சொல் அமெரிக்கா வழியாக ஊர் திரும்பியது.

கடைசியாக, கிரெவிலின் பெட்டியில் இருந்த வெண்மையான தாய்ப்பாறையைப் பற்றி ஒரு செய்தி. குருந்தம் குவார்ட்ஸோடு சேர்ந்து விளைவது அரிது. சிலிகா மிகுந்திருந்தால் அலுமினா அதனோடு கூடி வேறு கனிமமாகிவிடும். ஆகவே சிலிகா குறைந்த இடமே குருந்தத்தின் பிறப்பிடம். அந்த வெண்கனிமத்துக்குப் பூர்னோன் நம் நாட்டின் பெயரால் இந்தியனைட் என்று பெயரிட்டார். அது சுண்ணாம்புச் சத்துள்ள பெல்ஸ்பார். பின்வந்தோர் வைத்த அனார்த்தைட் என்னும் பெயரே இன்று வழங்குகிறது. அவ்வகைக் கனிமமே மிகுந்து, இடையிடையே குருந்தமும் விளைந்த பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் பரந்து கிடக்கிறது, 1956-இல் ஏ. பி. சுப்பிரமணியம் அதனை விரிவாக ஆராய்ந்து எழுதினார். நிலவின் வெண்மையான மேட்டு நிலங்களும் இத்தகைய பாறையே. 2019-இல் ஏவிய சந்திரயான் 2-க்காக, நிலவு மண்ணைப் போன்ற மண் வேண்டியிருந்தபோது, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் சித்தம்பூண்டியிலும் அருகிலுள்ள குன்னமலையிலும் பாறையை வெட்டி, பொடியாக்கி, பெங்களூருவுக்குக் கொண்டு சென்று பரப்பினார்கள். நிலவில் இறங்க வேண்டிய ஊர்தி அந்த மண்ணின்மீதுதான் முதலில் ஓடிப் பழகியது.